கொக்பொரோக்: எந்த எழுத்தில் எழுதுவது?

பழைய இந்திப் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு எஸ்.டி.பர்மனைத் தெரியும், அவர் மகன் ஆர்.டி.பர்மனையும் தெரியும். டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு 2009 சென்னை ஓப்பனில் இறுதிப் போட்டிவரை வந்த சோம்தேவ் தேவ்வர்மன் நினைவிருக்கலாம். பர்மன், வர்மன், தேப்பர்மா என்று எப்படி எழுதினாலும் பெயர் ஒன்றுதான், அதன் ஊர் திரிபுரா. எஸ்.டி.பர்மன் திரிபுரா அரச குடும்பத்தவர், 1906-ல் குமில்லாவில் பிறந்தவர். அவர் பாடியதெல்லாம் வங்காளியிலும் இந்தியிலும். அந்த அரச குடும்பம் எந்த மக்களிடமிருந்து எழுந்ததோ அவர்கள் வீட்டில் பேசுவது கொக்பொரோக்.

ஐந்து நூற்றாண்டுக்கு மேல் சொந்த மன்னர்கள் இருந்த மொழி இது. 1979 முதல் மாநில ஆட்சிமொழிகளில் ஒன்று. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 10 லட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர் பேசுகிறார்கள். இவ்வளவு இருந்தும், பத்தாம் வகுப்புப் பிள்ளை தன் தாய்மொழித் தேர்வை எந்த எழுத்தில் எழுதலாம் என்ற கேள்வி இன்னும் சாலை மறியலில்தான் வந்து நிற்கிறது. அரசன் கைவிட்டதிலிருந்து ஆட்சிக்கு வந்தவர்கள் சலுகையாகக் கொடுத்ததுவரை இந்த மொழியைப் பற்றிய பெரிய முடிவுகள் எல்லாம் அதைப் பேசுகிறவர்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டன என்பது என் எண்ணம். எழுத்துத் தகராறு அந்தப் பழைய கணக்கின் பாக்கி.

மொழியிலிருந்து தொடங்கலாம். 'கொக்' என்றால் பேச்சு, 'பொரோக்' என்றால் மனிதர்கள். திபெத்-பர்மிய மொழிகளில் போடோ-காரோ கிளையைச் சேர்ந்தது. அசாமின் போடோவும் திமாசாவும், மேகாலயாவின் காரோவும் இதற்கு உடன்பிறப்புகள். நெல்லுக்குக் கொக்பொரோக்கிலும் போடோவிலும் திமாசாவிலும் 'மாய்' என்ற சொல்தான், கொக்பொரோக்கில் சோறும் அதுவே. தண்ணீர் கொக்பொரோக்கில் 'துய்', போடோவில் 'துவி' போல ஒலிக்கும், திமாசாவில் 'தி', காரோவில் 'சி'.

வடகிழக்கு மொழி என்றதும் நமக்கு எட்டாத ஏதோ ஒன்று என்று தோன்றும். ஆனால் வாக்கிய அமைப்பில் தமிழனுக்கு இங்கே பெரிய சிரமம் இருக்காது. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. 'ஆங் மாய் சாஓ' என்றால் 'நான் சோறு சாப்பிடுகிறேன்'. 'சா' என்ற வேரோடு 'கா' சேர்த்தால் சாப்பிட்டாயிற்று, 'யா' சேர்த்தால் சாப்பிடவில்லை, 'தி' சேர்த்தால் ஏவல். வேற்றுமையும் நம்மைப் போலவே பெயருக்குப் பின்னால்தான் ஒட்டும். வினையில் மட்டும் நான், நீ, அவள் என்ற வேறுபாடு தெரியாது, எல்லாருக்கும் ஒரே வடிவம்.

சிரமம் எண்ணும்போதுதான் வரும். ஒருவர், ஒன்று என்று நாம் இரண்டாகப் பிரிப்பதை அவர்கள் பலவாகப் பிரிக்கிறார்கள். 'சா' என்றால் ஒன்று (இது சாப்பிடும் 'சா' அல்ல). ஆனால் ஆள் என்றால் 'கொரோக்-சா', ஆடு கோழி என்றால் 'மா-சா', பழம் என்றால் 'தாய்-சா', மூங்கில் போல நீளமானது என்றால் 'கோங்-சா'. எதை எண்ணுகிறோம் என்று தெரியாமல் எண்ணிக்கையை மட்டும் வாயில் எடுக்க முடியாது. தொனி வேறு இருக்கிறது. 'நுகுங்' என்பதைத் தாழ்ந்த தொனியில் சொன்னால் குடும்பம், கடைசி அசையை உயர்த்திச் சொன்னால் கூரை. இந்தத் தொனியும், 'துய்' என்பதில் வருகிற உயிரொலியும் கட்டுரையின் பின்பகுதியில் அரசியலாக மாறும்.

கொக்பொரோக் பேசும் திரிபுரி மக்கள் ஒரே குழு அல்ல. ஜமாத்தியா, நோவாத்தியா, ரியாங், முராசிங், ரூபினி, கொலோய், உச்சோய் என்று பல சமூகங்கள் கொக்பொரோக்கை வெவ்வேறு வழக்கில் பேசுகின்றன. ரியாங் மக்கள் தங்களை ப்ரூ என்கிறார்கள். தங்கள் பேச்சு 'கவ்ப்ரூ' என்ற தனி மொழி என்று சொல்கிறவர்களும் அவர்களில் உண்டு. எல்லாரையும் சேர்த்துச் சொல்ல இன்றைய அரசியலில் அதிகம் புழங்குவது 'திப்ராசா' என்ற பெயர்.

இவர்களுடைய பழைய விவசாயம் 'ஹுக்', மற்றவர்கள் ஜூம் என்பது. மலைச்சரிவில் மூங்கில் காட்டை வெட்டி, காயவிட்டு, தீ வைத்து, மழைக்கு முன் விதைப்பார்கள். கலப்பை கிடையாது. அரிவாள் முனையால் குழி பறித்து நெல், பருத்தி, எள், மிளகாய், பூசணி என்று கலந்த விதையை ஒரே குழியில் போடுவார்கள். அதது அதன் காலத்தில் விளையும், அதன்படி பறித்துக்கொள்வார்கள். பயிரைக் காக்க மூங்கில் கால்களின் மேல் 'கைரிங்' என்ற காவல் குடிசை. ஓரிரு ஆண்டில் அந்தச் சரிவை விட்டு வேறொன்றுக்குப் போய்விடுவார்கள், காடு மீண்டும் வளரும். ஏப்ரல் நடுவில் வரும் 'புய்சு' இவர்கள் ஆண்டுப் பிறப்பு, ஏறக்குறைய நம் சித்திரை முதல் நாளை ஒட்டி. அதற்கு ஒரு வாரம் கழித்து கரியா தெய்வத்துக்கு நோன்பு. ரியாங் பெண்கள் குடத்தின்மேல் ஏறி நின்று, தலையில் புட்டியும் அதன்மேல் விளக்குமாக இடுப்பை மட்டும் அசைத்து ஆடும் ஹொஜாகிரி இந்த விளைச்சல் வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். அதை வளர்த்த சத்யராம் ரியாங்குக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆட்டத்தைவிட இந்த விவசாயத்தின் வரிமுறை முக்கியம் என்பதால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். ஜூம் குடியானவன் ஓரிடத்தில் தங்காததால் மன்னர்கள் நிலத்துக்கு வரி போடவில்லை, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வீட்டு வரி வாங்கினார்கள். வீட்டு வரி கட்டியவனிடம் நிலத்துக்கான காகிதம் எதுவும் இல்லை. அதிகாரிகளின் மூட்டையைக் கூலியில்லாமல் சுமக்கும் 'தித்துன்' என்ற வேலையும் அவன் தலையில்தான் விழுந்தது.

மன்னர்களின் கஜானாவை நிரப்பியது மலை அல்ல. இன்றைய வங்கதேசத்தின் குமில்லாப் பக்கத்துச் சமவெளியில் சக்லா ரோஷ்னாபாத் என்ற பெரிய ஜமீன், வெள்ளையர் ஆட்சியில் திரிபுரா மன்னர் வசம் இருந்தது. மலையில் அவர் அரசர், சமவெளியில் ஜமீன்தார். அந்த ஜமீனின் குடிகள் வங்காளிகள், கணக்கு வழக்கு வங்காளி. அரண்மனை நிர்வாகமும் அப்படியே அமைந்தது. இந்தச் சாய்வு வெள்ளையர் காலத்துக்கும் முந்தையது. திரிபுரா மன்னர்களின் மாணிக்ய வம்சத்து வரலாறான ராஜமாலா, பதினைந்தாம் நூற்றாண்டில் தர்ம மாணிக்யர் காலத்தில் தொடங்கியதாகச் சொல்லப்படுவது, வங்காளிச் செய்யுளில் இருக்கிறது. அரச குலப் பூசாரி துர்லபேந்திரர் வாய்வழியாக வந்த வரலாற்றைச் சொல்ல, சுக்ரேஸ்வரர், பானேஸ்வரர் என்ற இரண்டு பண்டிதர்கள் பாடினார்கள் என்பது மரபு. மன்னர்களின் நாணயத்தில் சமஸ்கிருத வாசகம், வங்காளி எழுத்து. பின்னாளில் பீர்சந்திர மாணிக்யர் இளம் தாகூரின் கவிதையைப் பாராட்டி ஆளனுப்பினார், அவர் மகன் ராதாகிஷோர் விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸுக்குப் பொருளுதவி செய்தார். வங்காளி இலக்கியத்துக்கும் அறிவியலுக்கும் அந்த அரண்மனை செய்தது கொஞ்சமல்ல. தன் குடிகளின் மொழியில் ஒரு கல்வெட்டுகூட அது எடுத்துக்காட்டாக வைத்துவிட்டுப் போகவில்லை.

'கொலொமா' என்று ஒரு பழைய எழுத்து இருந்து அழிந்துபோனது என்ற நம்பிக்கை மக்களிடம் உண்டு. இருந்திருக்கட்டும். நம் கைக்குக் கிடைக்கிற அச்சு நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் ஆரம்பம். 1897-ல் தவுலத் அகமது இலக்கணம் வெளியிட்டார், 1900-ல் ராதாமோகன் தாகூர் இன்னொன்று.

மொழியை மக்கள் இயக்கமாக்கியது பள்ளிக்கூடங்கள். 1945 டிசம்பர் 27-ல் தசரத் தேப், சுதன்வ தேப்பர்மா முதலிய படித்த இளைஞர்கள் சிலர் ஜன சிக்ஷா சமிதியைத் தொடங்கினார்கள். மலைக் கிராமங்கள் தாங்களே மூங்கில் வெட்டிக் கூரை போட்டு நூற்றுக்கணக்கில் பள்ளி எழுப்பின. கொஞ்ச காலம் முன்புதான் ரதன்மணி தலைமையில் ரியாங் மக்கள் கிளர்ந்து, அரசப்படை அதை அடக்கியிருந்தது. 1948-ல் இந்த இளைஞர்கள் கண முக்தி பரிஷத்தை அமைத்தார்கள், அது கம்யூனிஸ்ட் கட்சியோடு இணைந்தது. தித்துனை எதிர்த்துத் தொடங்கியவர்களில் சுதன்வ தேப்பர்மா பின்னர் சட்டமன்றத் தலைவரானார். கொக்பொரோக்கின் முதல் நவீன நாவல் என்று கருதப்படும் 'ஹாசுக் குரியோ'வை 1987-ல் வெளியிட்டவரும் அவரே. தசரத் தேப் 1993-ல் முதலமைச்சரானார்.

இதற்கிடையே காலடி மண் நகர்ந்துகொண்டிருந்தது. 1941-ல் திரிபுராவில் பழங்குடியினர் சரிபாதி. 1947 மே மாதம் கடைசி ஆட்சி மன்னர் பீர் பிக்ரம் இறந்தார், ஆகஸ்டில் பிரிவினை. 1949 அக்டோபர் 15-ல் திரிபுரா இந்தியாவோடு இணைந்தது. மூன்று பக்கமும் கிழக்குப் பாகிஸ்தான். அங்கே கலவரம் எழும்போதெல்லாம் வங்காளி இந்துக்கள் எல்லை தாண்டி வந்தார்கள். 1951-ல் பழங்குடியினர் பங்கு 37 சதவீதம் அளவுக்கு இறங்கியது, 1981-ல் 28.4. முப்பது ஆண்டில் மக்கள்தொகை ஆறு லட்சத்திலிருந்து இருபது லட்சமானது. வந்தவர்களும் ஆக்கிரமிக்கத் திட்டமிட்டு வந்தவர்கள் அல்ல, வீடு வாசல் இழந்து வந்தவர்கள். அது உண்மை. ஆனால் பீர் பிக்ரம் பழங்குடியினருக்கு ஒதுக்கிய நிலம் அந்தக் குடியேற்றத்தில் கரைந்தது என்பதும், காகிதம் இல்லாத ஜூம் நிலம் பட்டா உள்ளவன் கைக்குப் போனது என்பதும் உண்மை. 1960-ன் நிலச் சீர்திருத்தச் சட்டம் பழங்குடி நிலக் கைமாற்றைத் தடுக்க முயன்றது, நடைமுறையில் கசிந்தது.

1970-களில் கோமதி ஆற்றில் டம்பூர் அணை கட்டினார்கள். சில மெகாவாட் மின்சாரத்துக்காக ராய்மா பள்ளத்தாக்கின் நல்ல வயல்கள் மூழ்கி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பட்டா இருந்தவனுக்குத்தான் இழப்பீடு, வீட்டு வரி கட்டியவன் மறுபடியும் காகிதத்தில் இல்லாதவன் ஆனான். இந்த வெளியேற்றத்தைப் பற்றி சலேசிய சபைப் பாதிரியார் ஜோசப் புலிந்தானத் எடுத்த 'யார்வ்ங்' கொக்பொரோக்குக்காகத் தேசிய விருது வாங்கிய படம்.

1967-ல் தோன்றிய பழங்குடி இளைஞர் அமைப்பான திரிபுரா உபஜாதி ஜுப சமிதி வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் எல்லாம் ஒரே முடிச்சில் இருப்பது தெரியும்: பழங்குடிப் பகுதிகளுக்கான அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணையின் கீழ் தன்னாட்சி, நிலம் திரும்ப, கொக்பொரோக்குக்கு அங்கீகாரம், அதுவும் ரோமன் எழுத்தில். நிருபேன் சக்ரவர்த்தி தலைமையிலான இடது முன்னணி அரசு 1979 ஜனவரி 19-ல் கொக்பொரோக்கை ஆட்சிமொழியாக அறிவித்தது. அந்த நாள் இன்றும் கொக்பொரோக் நாள். தன்னாட்சி மாவட்டக் கவுன்சிலுக்கும் அதே ஆண்டு சட்டம் வந்தது. மறு ஆண்டு ஜூனில் மந்தாய் என்ற ஊரில் கொலைகள். வங்காளிக் குடியேறிகள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள், பதிலுக்குப் பழங்குடிக் கிராமங்கள் எரிந்தன, இரு தரப்பிலும் லட்சக்கணக்கானவர்கள் முகாமுக்கு வந்தார்கள். பிறகு ஆயுதக் குழுக்களின் காலம். கவுன்சில் 1985-ல் ஆறாவது அட்டவணைக்குள் வந்தது. மாநில நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு அதன் எல்லைக்குள் இருந்தாலும், சமவெளி நகரங்களும் பணமும் வெளியே.

ஆட்சிமொழி ஆனபின் அரசு வங்காளி எழுத்திலேயே பாடநூல் அச்சிட்டது. அதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. மலைப் பிள்ளை எப்படியும் பள்ளியில் வங்காளி படிக்கிறது, ஆசிரியருக்கும் அச்சகத்துக்கும் அந்த எழுத்து தெரியும், ஜன சிக்ஷா தலைமுறையும் அதில்தான் எழுதியது. ரோமன் கேட்பவர்கள் வைக்கும் முதல் வாதம் ஒலி. 'துய்' என்று நான் எழுதியதில் வரும் உயிர் உதட்டைக் குவிக்காமல் சொல்வது, நம் 'பாட்டு', 'காசு' ஆகியவற்றின் ஈற்றில் வரும் குற்றியலுகரத்துக்கு மிக நெருங்கியது. வங்காளியில் இதற்கு எழுத்து இல்லை. ரோமனில் எழுதுபவர்கள் 'டபிள்யூ'வை இந்த உயிருக்கு ஒதுக்கிவிட்டார்கள். கவுன்சிலின் தலைமையிடத்தின் பெயரான 'குமுல்ங்' ஆங்கிலப் பலகையில் கடைசியில் உயிரே இல்லாதது போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். உயர்ந்த தொனிக்கு உயிரை அடுத்து 'எச்' போடுகிறார்கள், குடும்பமும் கூரையும் பிரிந்துவிடும்.

ஆனால் ஒலிவாதத்தை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. வங்காளி எழுத்தில் ஒரு புதுக் குறியைச் சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும், அசாமியர் தங்களுக்கு வேண்டிய எழுத்தை அப்படிச் சேர்த்துக்கொண்டவர்கள்தான். வேர் வேறிடத்தில் இருக்கிறது. வீதியில் கடைப் பலகை, நீதிமன்றம், நிலப் பத்திரம், ஆசிரியர் எல்லாம் வங்காளியாக இருக்கும்போது, மிஞ்சிய ஒன்றையும் அதே உடையில் பார்க்க ஒரு தலைமுறைக்கு மனமில்லை. எதிர்த்தரப்பில் ரோமன் என்றால் மிஷனரி, ரோமன் என்றால் தீவிரவாதி என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. நியூசிலாந்து பாப்டிஸ்ட் மிஷனரிகள் 1938-ல் வந்தார்கள், அவர்கள் ரோமனைப் பயன்படுத்தினார்கள், அதுவரை சரி. கிறிஸ்தவரல்லாத திரிபுரிகளும் பெருமளவில் ரோமனையே கேட்கிறார்கள் என்பதற்கு அந்தச் சந்தேகம் பதில் சொல்லாது.

இரண்டு ஆணையங்கள் கேட்டுப் பார்த்தன. ஷ்யாமாசரண் திரிபுரா தலைமையில் கவுன்சில் அமைத்தது ஒன்று, மொழியியலாளர் பவித்ர சர்க்கார் தலைமையில் மாநில அரசு அமைத்தது இன்னொன்று. பெரும்பான்மையோர் விரும்புவது ரோமன் என்பதுதான் இரண்டிலும் வந்த விடை. விடை வந்தபின்னும் வங்காளி எழுத்து நகரவில்லை. கேட்டுவிட்டுச் செய்யாமல் இருப்பதற்குக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

இப்போது மூன்றாவதாகத் தேவநாகரியும் பேச்சில் வருகிறது. இதற்கு முன்னுதாரணம் உடன்பிறப்பு மொழியான போடோ. 1974-75-ல் போடோக்கள் ரோமன் கேட்டுப் போராடினார்கள், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 15 பேர் இறந்தார்கள், கடைசியில் கிடைத்தது தேவநாகரி. 2003-ல் போடோ, அரசியல் சட்டத்தின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் ஏறியது. கொக்பொரோக் இன்னும் ஏறவில்லை. தேவநாகரியை ஏற்றால் தில்லியின் கதவு திறக்கும் என்று இதிலிருந்து பாடம் எடுப்பவர்கள் உண்டு. ஒரே கிளையின் காரோவும் திமாசாவும் ரோமனில் எழுதப்படுகின்றன என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அரச குடும்பத்து வாரிசு பிரத்யோத் கிஷோர் மாணிக்யா தலைமையில் எழுந்த திப்ரா மோத்தா கட்சி, 2021 கவுன்சில் தேர்தலில் கூட்டணியாக 28-ல் 18 இடம் வென்றது, 2023 சட்டமன்றத்தில் 60-ல் 13. மொழியைக் கைவிட்ட அரண்மனையின் வாரிசே இன்று ரோமனுக்காகக் குரல் கொடுக்கிறார். முரண்தான், ஆனால் கேட்கிறவர்களுக்கு அது உறுத்தவில்லை. 2024 பிப்ரவரியில் வாரியத் தேர்வில் வங்காளி எழுத்து மட்டும் என்ற பேச்சு வந்ததும் ட்விப்ரா மாணவர் கூட்டமைப்பு சாலையில் உட்கார்ந்தது, இரண்டிலும் எழுதலாம் என்று அரசு இறங்கி வந்தது. விடையை ரோமனில் எழுதலாம் என்றால் வினாத்தாளையும் ரோமனில் கொடு என்பது அடுத்த கோரிக்கை. வங்காளி எழுத்தில் கேள்வியைப் படித்து ரோமனில் பதில் எழுதும் பிள்ளையை நினைத்துப் பார்த்தால் கோரிக்கையின் நியாயம் புரியும்.

நடைமுறை இதற்குள் தன் வழியில் போய்விட்டது. திரிபுரா பல்கலைக்கழகத்தில் முதுகலைவரை கொக்பொரோக் படிக்கலாம். மலைகளுக்கும் ஊர்களுக்கும் பழைய பெயர் திரும்புகிறது, பாராமுரா மலை ஹதாய் கொதோர் ஆனது, கண்டாசெரா கண்டா துய்சா ஆனது. இளைஞர்கள் போனில் தட்டுவதும் யூடியூப் பாட்டுக்குத் தலைப்பிடுவதும் ரோமனில்தான். எந்த அரசாணையும் அதைச் சொல்லவில்லை.

எல்லைக்கு அப்பால் வங்கதேசத்தின் சிட்டகாங் மலைப்பகுதியில், முக்கியமாகக் காக்ராச்சாரியில், ஒன்றரை லட்சம் திரிபுரா மக்கள் இருக்கிறார்கள். வங்காளி மொழிக்காக உயிர் கொடுத்து, அதன் பேரில் உருவான நாடு அது. 2017-ல் அந்த அரசு ஐந்து சிறுபான்மை மொழிகளில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடநூல் அச்சிட்டு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. கொக்பொரோக் அதில் ஒன்று, புத்தகம் ரோமன் எழுத்தில்.